புது வீட்டில் சரவுண்ட் ஸ்பீக்கர் வயரிங்: பூச்சு வேலை தொடங்கி முதல் பாட்டு வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் அழகாபுரம், கண்ணங்குறிச்சி, கொண்டலாம்பட்டி என்று எந்தப் பக்கம் வேலைக்குப் போனாலும், ஹாலில் டிவி வரப்போகும் சுவரைக் காட்டி வீட்டுக்காரர்கள் கேட்பது ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான். ராத்திரி போனில் கேட்பவர்களும் இதையே கேட்கிறார்கள். வீடு ஒரு தடவை கட்டுவது. சுவருக்குள் போன வயரை மறுபடி பார்க்க முடியாது. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து, எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன்.

1. இப்பதான் செங்கல் வேலை முடிஞ்சிருக்கு. ஸ்பீக்கர் வயரைப் பத்தி இப்பவே யோசிக்கணுமா, டிவி வாங்கும்போது பார்த்துக்கலாமா?

இப்போதே யோசியுங்கள். லைட், ஃபேனுக்குச் சுவரை வெட்டிப் பைப் புதைக்கும் அதே நாட்களில் ஸ்பீக்கர் பைப்பும் உள்ளே போய்விட வேண்டும். பூச்சு முடிந்த பிறகு வெட்டினால் கொத்தனார் திரும்ப வர வேண்டும். ஒட்டுப் போட்ட இடம் பெயின்ட் அடித்த பிறகும் கோடாகத் தெரியும்.

ஸ்பீக்கர், ரிசீவர் (எல்லா ஸ்பீக்கருக்கும் சத்தத்தைப் பிரித்து அனுப்பும் பெட்டி) எதுவும் வாங்கவில்லை என்றாலும் பரவாயில்லை. டிவி எந்தச் சுவர், சோபா எந்த இடம், இந்த இரண்டும் முடிவானால் போதும். நான் சிமென்ட் மூட்டைகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் சேரைப் போட்டு, சோபா வரும் இடத்தில் வீட்டுக்காரரை உட்கார வைப்பேன். தரையிலிருந்து அவர் காது வரை டேப்பில் அளந்து சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவேன். பெரும்பாலும் 3 அடிக்கும் மூன்றேகால் அடிக்கும் நடுவில் வரும். மற்ற எல்லா உயரமும் அந்தக் கோட்டிலிருந்துதான்.

2. 5.1, 7.1, 5.1.2ன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நான் எத்தனை வயர் ஓட்டணும்?

முதல் எண் உங்களைச் சுற்றி வரும் ஸ்பீக்கர்கள், இரண்டாவது சப்வூஃபர் (கனமான அடிச் சத்தத்துக்கான பெட்டி), மூன்றாவது எண் இருந்தால் அது தலைக்கு மேலே கூரையில் வருபவை. 5.1 என்றால் ஐந்து ஜோடி வயரும் சப்வூஃபருக்கு ஒரு கேபிளும்.

முன்பக்கம் இடது, வலது ஸ்பீக்கர்களும் உங்கள் இருக்கையும் சேர்ந்து கிட்டத்தட்ட சமபக்க முக்கோணமாக வர வேண்டும். சென்டர் ஸ்பீக்கர் டிவிக்குக் கீழே. சரவுண்ட் இரண்டும் சோபாவுக்கு நேர் பக்கத்திலோ கொஞ்சம் பின்னாலோ, காது கோட்டுக்கு மேல் ஒன்றரை அடி, இரண்டடி உயரத்தில் இருக்கலாம். அதாவது தரையிலிருந்து சுமார் 5 அடி. பின்னால் சுவர் மூலையில் கூரையை ஒட்டி மாட்டச் சொல்கிறார்கள். அங்கே மாட்டினால் சத்தம் வரும், ஆனால் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது போய்விடும்.

சோபா பின்சுவரை ஒட்டி வந்தால் 7.1 வேண்டாம், பின்னால் ஸ்பீக்கர் வைக்க இடமே இல்லை. அந்தக் காசில் கூரைக்கு இரண்டு பைப் விடுங்கள். நம் வீடுகளில் கூரை கான்கிரீட் என்பதால், ஃபால்ஸ் சீலிங் போடாதவர்கள் இதைக் கான்கிரீட் போடுவதற்கு முன்பே, கம்பி கட்டும்போது செய்துவிட வேண்டும்.

3. எந்த வயர் வாங்கணும்? கடையில வீட்டு வயரையே எடுத்துக்கோங்க, போதும்னு சொல்றாங்களே?

கடைக்காரர் சொல்வது தப்பில்லை. ஸ்பீக்கருக்கு வேண்டியது போதுமான கனத்தில் நல்ல செம்பு, அவ்வளவுதான். கண்ணாடி மாதிரித் தெரியும் ஸ்பீக்கர் வயரிலும் செம்புதான், ஐ.எஸ். 694 முத்திரை உள்ள வீட்டு வயரிலும் செம்புதான்.

கனத்தைக் கணக்குப் போட்டே முடிவு செய்யலாம். 12க்கு 16 அடி ஹாலில் சரவுண்ட் ஸ்பீக்கர் கைக்கெட்டும் தூரம் போலத் தோன்றும். ஆனால் வயர் ரிசீவரிலிருந்து 7 அடி மேலே ஏறி, சுவரோரம் 22 அடி ஓடி, 4 அடி கீழே இறங்கும். இரண்டு முனையிலும் விட வேண்டிய மிச்சம் 5 அடி. மொத்தம் 38 அடி, அதாவது பதினொன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஒன்றரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயரில் போய்வரும் தடை சுமார் 0.3 ஓம். ஸ்பீக்கரின் ஓமில் 5 சதவீதத்தைத் தாண்டாமல் இருந்தால் நல்லது என்பது பொதுவான கணக்கு. 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது 0.4 ஓம். ஆகவே 8 ஓமுக்கு 15 மீட்டர் வரை ஒன்றரை ஸ்கொயர் தாராளம். 4 ஓம் ஸ்பீக்கர் வாங்குவதாக இருந்தாலோ தூரம் அதிகமானாலோ இரண்டரை ஸ்கொயர் போடுங்கள். கேஜ் எண்ணில் விற்கும் வயர் என்றால் 16 கேஜ் சுமார் 1.3 ஸ்கொயர், 14 கேஜ் சுமார் 2.1. எண் ஏற ஏற வயர் மெலியும்.

வீட்டு வயர் வாங்கினால் ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு, பச்சை வேண்டாம். அவை கரண்டுக்கு உள்ள நிறங்கள். ஐந்து வருஷம் கழித்து வேறொரு எலக்ட்ரீஷியன் பெட்டியைத் திறந்து, சிவப்பைப் பார்த்துவிட்டு ஃபேஸ் என்று நினைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வெள்ளையும் சாம்பலும் ஒரு காயில் வீதம் எடுத்தால் 90 மீட்டர் ஜோடி கிடைக்கும். சாதாரண ஹாலுக்கு அதுவே மிஞ்சும்.

4. வயர் செம்பா, செம்பு பூசின அலுமினியமான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஒரு இழையை எடுத்துப் பிளேடால் மெதுவாகச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். தகரம் பூசிய செம்பு இதற்கு நேர்மாறு: வெளியே வெள்ளி, சுரண்டினால் உள்ளே சிவப்பு. அது நல்ல வயர்தான், குழம்ப வேண்டாம். காயிலைக் கையில் தூக்கிப் பார்த்தாலும் தெரியும். அலுமினியத்தின் அடர்த்தி செம்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே.

அலுமினியத்தின் கடத்துத்திறன் செம்பில் 60 சதவீதம் சொச்சம். முனை மடக்கினால் ஒடியும், ஸ்க்ரூவில் நாளாக நாளாகத் தளரும். சுவருக்குள் புதைக்க அதை நான் வாங்குவதில்லை.

5. கரண்ட் பைப்லயே ஸ்பீக்கர் வயரையும் விட்டுட்டா ஒரு பைப் மிச்சமாகுமே?

கூடவே கூடாது. இரைச்சல் வரும் என்பதைவிடப் பெரிய காரணம் உயிர். இழுக்கும்போது ஒரு கரண்ட் வயரின் மேலுறை உரசிக் கிழிந்தால், 230 வோல்ட் ஸ்பீக்கர் வயர் வழியாக ரிசீவருக்கு வரும். நீங்கள் கையால் தொடும் பெட்டிக்கே வரும். பைப்பும் தனி, சுவரில் பதிக்கும் பெட்டியும் தனி.

பக்கத்தில் பக்கத்தில் ஓடினால் ஒரு அடி இடைவெளி விடுங்கள். குறுக்கே கடக்க வேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்கட்டும். பைப்பே இல்லாமல் பூச்சுக்குள் வயரைப் புதைக்கச் சொல்பவர்களும் உண்டு. அப்படிப் புதைத்தால் பிறகு உருவி மாற்றவே முடியாது.

6. எலக்ட்ரீஷியன் வயர் இழுத்துட்டுப் போயிட்டாரு. டிவி பக்கம் பத்து முனை தொங்குது. எது எந்த ஸ்பீக்கருக்கு?

மல்டிமீட்டர் இருந்தால் பத்து நிமிஷ வேலை. சரவுண்ட் இடது பெட்டிக்குப் போய் அங்கே இருக்கும் இரண்டு முனையையும் உரித்து ஒன்றாக முறுக்குங்கள். டிவி பக்கம் வந்து, பீப் சத்தம் வரும் நிலையில் மீட்டரை வைத்து இரண்டிரண்டு முனையாகத் தொட்டுப் பாருங்கள். எந்த ஜோடி கத்துகிறதோ அதுதான். எழுதிவிட்டு, அங்கே போய் முறுக்கை அவிழ்த்து, அடுத்த பெட்டிக்குப் போங்கள்.

பேப்பர் டேப்பில் பெயர் எழுதி ஒட்டுவது பட்டி பார்க்கும் நாள் வரைக்கும்தான் தாங்கும். ஈரமும் தூசியும் பட்டு உதிர்ந்துவிடும். வயர் உறையிலேயே பெர்மனென்ட் மார்க்கரால் எழுதி, கூடவே முடிச்சும் போட்டுவிடுவேன்: முன் இடதுக்கு ஒரு முடிச்சு, சென்டருக்கு இரண்டு, முன் வலதுக்கு மூன்று. முடிச்சு உதிராது. சுவர் திறந்திருக்கும்போதே, அளவு டேப்பைப் பக்கத்தில் பிடித்து எல்லாச் சுவரையும் போட்டோ எடுத்து வையுங்கள். அப்புறம் ஆணி அடிக்கும்போது உதவும்.

7. பட்டி பார்க்க நாளைக்கு ஆள் வர்றாங்க. அதுக்கு முன்னாடி என்ன சோதிக்கணும்?

ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு சோதனை. தூரத்து முனைகள் தொடாமல் பிரிந்திருக்கும்போது மீட்டர் ஒன்றும் காட்டக் கூடாது. காட்டினால் உள்ளே எங்கேயோ இரண்டும் ஒட்டுகிறது. பிறகு தூரத்து முனைகளை முறுக்கிவிட்டு அளந்தால் 3-வது கேள்வியில் போட்ட கணக்குப்படி 0.3, 0.4 ஓமுக்குள் வர வேண்டும். மீட்டர் கம்பிகளை ஒன்றோடொன்று தொட வைத்து வரும் எண்ணை இதில் கழித்துக்கொள்ளுங்கள். 2 ஓம், 3 ஓம் என்று காட்டினால் நடுவில் யாரோ ஒட்டுப் போட்டிருக்கிறார்கள், அது தளர்ந்திருக்கிறது.

என் சொந்த வீட்டில் வயர் இழுத்த அன்று இதைச் செய்தேன், எல்லாம் சரியாக இருந்தது. ஃபால்ஸ் சீலிங் போட்ட பிறகு மறுபடி பார்க்கவில்லை. கிரகப்பிரவேசத்துக்கு முந்தின ராத்திரி வலது சரவுண்டை மாட்டினால் ரிசீவர் ஆன் ஆனதுமே ஆஃப் ஆகிக்கொண்டிருந்தது. மறுநாள் சொந்தபந்தம் எல்லாம் வர, ஹாலில் இரண்டு ஜிப்சம் பலகையைக் கழற்றிப் போட்டிருந்தேன். பலகையை முடுக்கிய கறுப்பு ஸ்க்ரூ ஒன்று வளையும் பைப்பைத் துளைத்து, இரண்டு வயருக்கும் நடுவில் நேராக நின்றுகொண்டிருந்தது. அன்றிலிருந்து மூன்று தடவை சோதிக்கிறேன்: வயர் இழுத்ததும், சீலிங் முடிந்ததும், கடைசியாகப் பட்டிக்கு முன்னாலும்.

சோதித்த பிறகு முனைகளைச் சுருட்டிப் பெட்டிக்குள் தள்ளி, பாலிதீன் பையால் மூடி டேப் ஒட்டுங்கள். டிவி பக்கம் 3 அடி, ஸ்பீக்கர் பக்கம் 2 அடி மிச்சம் இருக்கட்டும். வெளியே தொங்கும் வயரைத் தொந்தரவு என்று பெயின்டர் வெட்டிவிடுவது எப்போதும் நடப்பதுதான்.

8. பிளஸ் மைனஸ் மாறிப் போச்சுன்னா ஸ்பீக்கர் போயிடுமா?

போகாது. ஆனால் சத்தம் கெட்டுவிடும். முன்பக்க ஸ்பீக்கர் இரண்டில் ஒன்று மாறியிருந்தால், ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றொன்று இழுக்கும். பாட்டில் தவில், டிரம் எல்லாம் மெலிந்து, குரல் நடுவில் நிற்காமல் அறை முழுக்கப் பரவும். என்ன குறை என்று பெயர் சொல்லத் தெரியாமலே, ‘ஏதோ சரியில்லையே’ என்று வீட்டில் சொல்வார்கள்.

சரிபார்க்க ஒன்றரை வோல்ட் பென்சில் பேட்டரி போதும். வயரை ரிசீவரிலிருந்து கழற்றி, ஸ்பீக்கரின் முன்வலையை எடுத்துவிட்டு, டிவி பக்க முனையில் பேட்டரியை ஒரு நொடி மட்டும் தொட வையுங்கள். ஒருவர் ஸ்பீக்கர் பக்கம் நின்று பார்க்கட்டும். பேட்டரியின் பிளஸ், பிளஸ் வயரில் பட்டபோது பெரிய கூம்பு ‘டக்’ என்று வெளியே வந்தால் சரி. உள்ளே போனால் மாறியிருக்கிறது. கரண்ட் பிளக் உள்ள சப்வூஃபரில் இதைச் செய்ய வேண்டாம்.

9. ஸ்பீக்கர் பாயின்டுக்கு 5 ஆம்பியர் சாக்கெட்டே போட்டுட்டாங்க. ஸ்பீக்கர் வயர்ல டூ பின் பிளக் மாட்டிக்கலாம்தானே?

மாட்டாதீர்கள். அந்த சாக்கெட்டை இன்றைக்கே கழற்றச் சொல்லுங்கள். பிளக் உள்ள ஸ்பீக்கரைக் குழந்தை பக்கத்தில் இருக்கும் கரண்ட் சாக்கெட்டில் சொருகினால் ஸ்பீக்கர் எரியும், தீ கூடப் பிடிக்கலாம். ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டி ஒரு வீட்டில் வேக்யூம் கிளீனரை ஸ்பீக்கர் சாக்கெட்டில் சொருகிவிட்டு, ஓடவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். நல்லவேளை தப்பு அந்தப் பக்கமாக நடந்தது.

மாடுலர் பிளேட்டிலேயே ஸ்பீக்கர் டெர்மினல் கிடைக்கும், அதைப் போடுங்கள். கிடைக்காவிட்டால் மூடியிட்ட பிளேட்டில் ஓட்டை போட்டு வயரை நேராக வெளியே எடுங்கள். ஒட்டு குறைவதால் எனக்கு இதுதான் இன்னும் பிடிக்கும்.

10. எல்லாம் மாட்டியாச்சு. ரிசீவர் ஆன் ஆகி ரெண்டு செகண்ட்ல ஆஃப் ஆயிடுது. ரிசீவர் போச்சா?

பெரும்பாலும் ரிசீவர் நன்றாகத்தான் இருக்கும். ஷார்ட் இருப்பதைக் கண்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்காமல், கரண்ட் பிளக்கை எடுத்துவிட்டுப் பின்பக்கம் டார்ச் அடியுங்கள். முறுக்காமல் சொருகிய வயரில் தலைமுடி அளவு ஒரு இழை பிரிந்து பக்கத்து டெர்மினலைத் தொட்டுக்கொண்டிருக்கும். பத்தில் ஏழெட்டு வீட்டில் நான் பார்த்தது இதுதான். இல்லையென்றால் 7-வது கேள்வியின் சோதனையை ஜோடி ஜோடியாகச் செய்யுங்கள். ஸ்பீக்கர் மாட்டியிருக்கும்போது அளந்தால் 8 ஓம் ஸ்பீக்கர் 6 ஓம் பக்கம் காட்டும்; அது சரியான அளவுதான்.

வயர் முனையில் மாட்டும் பனானா பிளக் போட்டால் இந்தத் தொல்லை வராது. 12 மில்லிமீட்டர் உரித்து, இழைகளை இறுக முறுக்கி, உள்ளே விட்டு ஸ்க்ரூவை முடுக்குங்கள். ஸ்க்ரூ முடுக்கும் முனையில் ஈயம் வைத்து சால்டர் செய்ய வேண்டாம். ஈயம் அழுத்தத்தில் நசுங்கி, சில மாதத்தில் பிடி தளர்ந்துவிடும்.

11. சப்வூஃபர்ல ‘ம்ம்ம்’னு ஒரு சத்தம் வந்துக்கிட்டே இருக்கு. வயர் மாத்தணுமா?

முதலில் டிஷ் ஆன்டெனாவிலிருந்தோ கேபிள் டிவியிலிருந்தோ வரும் கோஆக்ஸ் கேபிளை செட்டாப் பாக்ஸிலிருந்து கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால் அந்த வழியாக எர்த் சுற்றி வருகிறது. அடுத்து, சப்வூஃபரையும் ரிசீவரையும் ஒரே பிளக் பாயின்டில் இருந்து எடுத்துப் பாருங்கள். எர்த் பின்னைக் கழற்றினால் சத்தம் நிற்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இரைச்சல் போகும், பாதுகாப்பும் அதோடு போகும்.

சப்வூஃபருக்குப் போவது ஸ்பீக்கர் வயர் இல்லை. உறைக்கவசம் உள்ள ஆர்சிஏ கேபிள். அதில் ஓடுவது சின்ன சிக்னல், அதனால் 5-வது கேள்வியில் சொன்ன இடைவெளி இதற்குத்தான் மிகவும் முக்கியம். சப்வூஃபர் வரும் இடத்தில் கரண்ட் பாயின்டும் வேண்டும், அதை மறந்துவிடுகிறார்கள். வயர் இல்லாத சரவுண்ட் ஸ்பீக்கர் வாங்குபவர்களுக்கும் இதே பேச்சுதான்: சிக்னலுக்கு வயர் இல்லை, கரண்டுக்கு வயர் உண்டு.

12. எச்டிஎம்ஐ கேபிளும் சுவத்துக்குள்ள விடணும். முக்கால் இஞ்ச் பைப் போதுமா?

போதாது. கேபிள் போகும், அதன் தலை போகாது. ஒரு இஞ்ச் பைப்பில்கூடப் பெண்டில் சிக்கும். ஒன்றேகால் இஞ்ச் போடுங்கள்; டிவிக்கும் ரிசீவருக்கும் நடுவில் நாலடிதான் என்றால் 2 இஞ்ச் பைப்பே நேராக இறக்கலாம். எச்டிஎம்ஐ தரம் மாறிக்கொண்டே இருக்கிறது, இந்தக் கேபிளை நிச்சயம் ஒருநாள் மாற்றுவீர்கள். அப்போது புதுக் கேபிளை இழுக்க, பைப்புக்குள் ஒரு ஜி.ஐ. கம்பியை விட்டு வையுங்கள்.

10 மீட்டருக்கு மேல் போனால் ஆப்டிகல் எச்டிஎம்ஐ கேபிள் வேண்டும். அதற்குத் திசை உண்டு; டிவி முனை எது என்று தலையில் எழுதியிருக்கும். தப்பாக இழுத்துவிட்டால் முழுதாக உருவி மறுபடி விட வேண்டும்.

13. ஏற்காட்டுல ஓட்டு வீடு. சேலத்துல செய்யற மாதிரியேதானா?

வயர் கணக்கு ஒன்றுதான், மற்றது வேறு. மலையில் பனியும் ஈரமும் அதிகம். திறந்து கிடக்கும் செம்பு முனை ஒரு மழைக்காலத்தில் கறுத்து, பிறகு பச்சை பிடிக்கும். அதனால் முனையை உரித்தவுடன் பிளக் மாட்டி, சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடுங்கள். வருஷம் ஒரு தடவை கழற்றி, பளபளப்பாக இல்லையென்றால் வெட்டிப் புதிதாக உரியுங்கள். அதற்குத்தான் மிச்சம் விடச் சொன்னேன்.

ஓட்டுக்கு அடியில் எலியும் அணிலும் ஓடும், வயர் உறையைக் கடிக்கும். வளையும் பைப்பைத் தவிர்த்துக் கெட்டியான பிவிசி பைப்பை மரச்சட்டத்தில் கிளிப் அடித்து ஓட்டுங்கள். இரண்டு வாயையும் அடையுங்கள். மேல்நோக்கிச் சத்தம் அனுப்பிக் கூரையில் எதிரொலிக்க வைக்கும் ஸ்பீக்கர்கள் சமதளக் கூரைக்காகச் செய்தவை. சரிந்த ஓட்டில் சத்தம் வேறு எங்கோ போகும். மேலே ஸ்பீக்கர் வேண்டுமென்றால் சட்டத்திலேயே மாட்டுங்கள். ஏப்ரல், மே மாத இடி மழையில் ரிசீவர் பிளக்கையும் டிஷ் கேபிளையும் சேர்த்தே கழற்ற வேண்டும். பிளக், லக், ஸ்க்ரூ எல்லாவற்றையும் சேலத்திலேயே எண்ணி எடுத்துக்கொண்டு ஏறுங்கள். ஒரு பிளக் குறைந்தாலும் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏற வேண்டும்.

14. வீடு முடிஞ்சு குடியும் வந்துட்டோம். பைப்பே போடல. இனி வழியே இல்லையா?

இருக்கிறது. சுவரும் தரையும் சேரும் ஸ்கர்டிங் டைல்ஸ் மேல் விளிம்பை ஒட்டி ஒல்லியான பிவிசி கேசிங் ஓட்டி, சுவர் நிறத்திலேயே பெயின்ட் அடித்தால் சோபா, அலமாரி மறைவில் கண்ணுக்குத் தெரியாது. வாசல் வந்தால் நிலையைச் சுற்றி மேலே ஏறி இறங்குங்கள். தரைவிரிப்புக்கு அடியில் விட வேண்டாம், மிதிபட்டு நசுங்கும். இந்தச் சுற்றலில் தூரம் கூடும், 3-வது கேள்விக் கணக்கைப் புதிதாகப் போட்டுப் பாருங்கள்.

15. எல்லாம் முடிஞ்சுது. முதல்ல என்ன போட்டுக் கேட்கறது?

பாட்டு வேண்டாம், முதலில் ரிசீவரில் இருக்கும் டெஸ்ட் டோனைப் போடுங்கள். ‘உஸ்’ என்ற இரைச்சல் ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சுற்றி வரும். திரையில் ‘சரவுண்ட் இடது’ என்று காட்டும்போது இடது பக்கமே கேட்கிறதா என்று பாருங்கள். 6-வது கேள்வியில் விட்ட தப்பு ஏதாவது இருந்தால் இங்கே வெளிப்படும். பிறகு ரிசீவரோடு வந்த மைக்கைக் காது கோட்டின் உயரத்தில் வைத்து, ஃபேனை நிறுத்தி, அளவீட்டை ஓட விடுங்கள். ஏதாவது ஸ்பீக்கரில் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது என்று அது சொன்னால் பேட்டரி சோதனையை ஒரு தடவை செய்துவிட்டு முடிவு செய்யுங்கள். சுவர் எதிரொலியால் அது சில நேரம் தப்பாகவும் சொல்லும்.

அப்புறம், செங்கல் சுவருக்கு நடுவே அன்றைக்குப் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்தவரையே இப்போது சோபாவில் உட்கார வையுங்கள். அவருக்குப் பிடித்த பாட்டைப் போடுங்கள்.